ஆறுமணிக்குருவியை அறியும் நெறி

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றும் முதலாண்டிலேயே மனப்பாடமாகிவிடும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியன கருப்பொருள். இன்ன நிலத்துக்கு இன்ன புள் உரியது என்று தேர்வுத்தாளில் தடையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆயினும், எம் விடுதி வாயிலில் ஒரு புள் தானே வந்து விழுந்தபோது, அதன் பெயரைச் சொல்ல எம்மில் ஒருவரும் வல்லராய் இருந்திலர். அன்று அடைந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற அக்டோபர் மாதக் கடைசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்ததொரு விடியலில், விடுதியின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில் சிறு பறவையொன்று அசைவற்றுக் கிடந்தது. முதுகு பசுமை; தோளில் நீலம்; அடிவயிற்றில் குருதிச் சிவப்பு. மீன்கொத்தி என்றார் ஒருவர். கூட்டிலிருந்து தப்பிவந்த வெளிநாட்டுக் கிளி என்றார் மற்றொருவர். சமையற்கட்டுப் பூனை மட்டும் பெயரைப்பற்றிய கவலை சிறிதுமின்றி அருகில் வந்து அமர்ந்திருந்தது. பூனையை விரட்டிவிட்டுப் பறவையைக் கையில் எடுத்தோம். நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. நீர் புகட்ட வேண்டும் என்று சிலரும், சோறு ஊட்ட வேண்டும் என்று சிலரும் பதறினர்.

அவ்வேளையில் அவ்வழியே வந்த தோட்டக்காரப் பெரியவர் பறவையைப் பார்த்தார். “தம்பிகளே, வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். இருட்டில் வைத்தால் தானே தெளியும். சாயங்காலம் கிணற்றடிப் புதரில் விட்டுவிடுங்கள். இது ஆறுமணிக்குருவி” என்றார். எவ்வாறு அறிந்தீர் என்று வினவினோம். “ஐப்பசி பிறந்தால் கிணற்றடியில் வந்து கூவுமே. நீங்கள் கேட்டதே இல்லையா?” என்று அவர் எம்மையே திருப்பி வினவினார். எமக்கு விடை கூற இயலவில்லை. மூன்றாண்டுகளாக அக்கிணற்றடி வழியேதான் நாள்தோறும் ஆலயத்துக்குச் சென்றுவருகிறோம்.

அவர் சொற்படியே, காற்றுத் துளைகளிட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் பறவையை வைத்து மூடி, அரவமில்லாத அறையில் மாலைவரை விட்டுவைத்தோம். அந்தி வேளையில் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தோம். பறவை வெளியே குதித்து ஒரு கணம் நின்றது. குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தது. பின்பு தத்தித் தத்திச் சருகுக்குள் புகுந்து மறைந்தது. ஆலயமணி ஆறடித்து ஓய்ந்த சிறிது நேரத்தில், புதரின் மறுபுறத்திலிருந்து இரண்டு சுரங்களுடைய தெளிந்த சீழ்க்கையொலி ஒன்று எழுந்தது. அங்கே வேறொரு பறவை முன்னரே வந்து தங்கியிருந்தது போலும்.

அப்பெரியவர் கூறிய விடையைப் பின்னர்ச் சிந்தித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அவர் நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐப்பசி என்றார், அது பெரும்பொழுது. கிணற்றடிப் புதர் என்றார், அது நிலம். கூவும் என்றார், அது குரல். யாமோ நிறத்தை மட்டுமே பற்றிக்கொண்டு மீன்கொத்தியென்றும் கிளியென்றும் மயங்கினோம். ஒரு புள்ளை அறியவேண்டின் முதற்பொருளை முதலில் நோக்குக. நிறம் பின்னர் வந்து உறுதி செய்யட்டும். இதுவே யாம் கற்ற பாடம். இதனை முறையே விளக்குவாம்.

1. நிறம்

ஆறுமணிக்குருவி, நாகணவாய்ப்புள் எனப்படும் மைனாவினும் சிறியது. அலகின் நுனிமுதல் வாலின் நுனிவரை ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் நீளமுடையது. உடல் பருத்தது, வால் வெட்டுண்டதுபோல் மிகக் குறுகியது, கால்கள் நீண்டு உறுதியானவை. தலையுச்சி மஞ்சள் கலந்த பழுப்பு. அதன் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். கண்ணின் வழியே பிடரிவரை அகன்ற கரும்பட்டை ஒன்று செல்லும். அதன்மேல் வெண்புருவம் அமைந்திருக்கும். தொண்டை வெண்மை. முதுகு பசுமை. தோளிலும் வாலின் மேற்புறத்திலும் ஒளிவிடும் நீலம். மார்பு மங்கிய மஞ்சட்பழுப்பு. அடிவயிறும் வாலின் அடிப்புறமும் செக்கச்சிவப்பு. பறக்குங்கால் கருஞ்சிறகில் ஒரு வெண்திட்டுப் பளிச்சிடும். ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடா. இந்நிறங்களின் மிகுதி கண்டே வடநாட்டார் இந்தி மொழியில் இதனை நவரங் என்றனர். ஒன்பது நிறத்தது என்பது அதன் பொருள்.

இத்துணை நிறங்கள் இருக்க, இதனைக் காண்பது எளிதன்றோ எனின், அன்று. சிவப்பு முழுவதும் அடிப்புறத்தில் உள்ளது. நிலத்தில் நிற்கும் பறவையை மேலிருந்து நோக்குவார்க்கு அது தோன்றாது. பச்சை முதுகு புதரின் நிழலோடு ஒன்றிவிடும். முகத்தின் கறுப்பும் வெளுப்பும் சருகின்மேல் விழும் ஒளியும் நிழலும் போலவே இருக்கும். ஆதலின் புதரில் நாம் காண்பது பெரும்பாலும் தத்திச்செல்லும் ஒரு கருநிழலே.

இனி, மயக்கந்தரும் பிற பறவைகளைக் கூறுவாம். மீன்கொத்திக்கும் நீலச் சிறகு உண்டு. ஆனால் அதன் கால்கள் மிகக் குறியன. அலகு நீண்டு பெரிது. நிலத்தில் நடந்து இரைதேடும் வழக்கம் அதற்கு இல்லை. கானாங்கோழிக்கு முகமும் மார்பும் வெண்மை, வாலடி செம்பழுப்பு, குட்டை வாலை ஆட்டும். எனினும் அது நீர்நிலையை ஒட்டி வாழ்வது, முதுகு கருஞ்சாம்பல் நிறம், உருவிலும் பெரியது. செம்மஞ்சள் தலையுடைய பூங்குருவி ஒன்று சருகைக் கிளறி இரை தேடும். அதன் முகத்திலும் கரும்பட்டைகள் உண்டு. ஆயின் அப்பட்டைகள் கன்னத்தில் மேலிருந்து கீழாக இறங்கும்; ஆறுமணிக்குருவியின் பட்டையோ கண்வழியே பின்னோக்கிச் செல்லும். தவிட்டுக்குருவிகளும் சருகைக் கிளறுவனவே. அவை கூட்டமாகக் கூச்சலிட்டுத் திரியும். ஆறுமணிக்குருவி தனித்தே இரை தேடும்.

நிறத்தையும் உருவையும் மட்டுமே நம்பியதால் யாம் மயங்கியது பெரிதன்று. உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டில் இப்பறவையைத் தம் நூலிற் சேர்த்தபோது, இதனைக் காக்கையின் இனத்தில் வைத்து, குட்டைவாற் காக்கை என்னும் பொருள்பட இலத்தீனில் பெயர் தந்தார். அவர் இந்நாட்டுக்கு வந்தவரல்லர். இப்பறவை வாழும் நிலத்தையும், கூவும் பொழுதையும், அதன் குரலையும் அறிய அவருக்கு வாய்ப்பில்லை. பின்னர் 1816-இல் வியெயோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பிட்டா என்னும் தனி இனத்தை வகுத்தார். பிட்ட என்பது தெலுங்கில் சிறு பறவையைக் குறிக்கும் சொல். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவிய 40-க்கு மேற்பட்ட பறவை வகைகளைக் கொண்ட குடும்பம் முழுவதும் இன்று நம் அண்டைமொழிச் சொல்லாலேயே உலகெங்கும் வழங்கப்படுகிறது. நம் பறவையின் அறிவியற்பெயர் பிட்டா பிராக்கியூரா என்பது.

2. நிலம்

மரங்கள் நெருங்கி, அவற்றின்கீழ்ப் புதர் அடர்ந்து, தரையில் சருகு மூடிக்கிடக்கும் இடமே ஆறுமணிக்குருவியின் இருப்பிடம். பெருங்காடுதான் வேண்டும் என்பதில்லை. பழந்தோட்டம், ஊர்ப்புறத்துப் புதர்க்காடு, கல்லறைத் தோட்டம், கல்லூரி வளாகத்தின் பின்கட்டு ஆகியவையும் போதும். வெட்டவெளியான புல்தரையில் இதனைத் தேடுவது வீண்.

சருகே அதன் உணவுக்களம். அலகால் சருகைப் புரட்டியும் ஈரமண்ணைக் குத்தியும் வண்டு, எறும்பு, கறையான், புழு, மண்புழு முதலியவற்றைத் தின்னும். நீண்ட கால்கள் சருகின்மேல் தத்திச்செல்வதற்கும், தடித்த அலகு மண்ணைக் கிளறுவதற்கும் ஏற்றனவாய் அமைந்துள்ளன. சருகு ஈரத்தைக் காக்கும். ஈரம் புழுவைக் காக்கும். புழு இப்பறவையைக் காக்கும். அச்சமுற்றால் அருகிலுள்ள தாழ்ந்த கிளையில் ஏறி அசையாது நிற்கும். இரவில் துயில்வதும் மரத்திலேயே.

3. பொழுது

ஆறுமணிக்குருவி நம் சமவெளிகளில் ஆண்டு முழுவதும் வாழ்வதன்று. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், நடு இந்தியாவின் மலைக்காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் கருநாடகம் வரையிலும் இது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். காய்ந்த இலைகளாலும் புல்லாலும் உருண்டை வடிவாகக் கூடு கட்டி, பக்கத்தில் ஒரு வாயில் வைக்கும். தரையிலோ தாழ்ந்த கிளையிலோ அக்கூடு அமையும். முட்டைகள் பெரும்பாலும் 4 அல்லது 5. வெண்ணிறத்தில் செம்புள்ளிகள் உடையவை.

மழைக்காலம் முடிந்ததும் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, தென்னாட்டின் சமவெளிகளுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நம்மிடம் வரும். கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய பொழுதுகளில் இங்கே தங்கும். சித்திரை வெயிலில் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். வழிச்செலவில் களைத்த பறவைகள் வீடுகளுக்குள் புகுவதும், கண்ணாடிச் சாளரத்தில் மோதி விழுவதும் உண்டு. எம் தாழ்வாரத்தில் விழுந்ததும் இவ்வாறு வந்த விருந்தே ஆகும். ஆகவே ஆடிமாதத்தில் நம் ஊர்ப்புறத்துப் புதரில் ஒரு பறவையைக் கண்டு, ஆறுமணிக்குருவியோ என்று ஐயுற்றால், பொழுதே அவ்வையத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

இனிச் சிறுபொழுது. கதிரவன் எழுமுன்னும், மறையும் வேளையிலும் இது கூவும். நம் நாட்டில் அவ்விரண்டும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறுமணியை ஒட்டியே நிகழ்வதால் ஆறுமணிக்குருவி என்னும் பெயர் வந்தது. நாழிகையும் யாமமும் கொண்டு காலத்தை அளந்த முன்னோர் இப்பெயரை வழங்கியிருத்தல் அரிது. மணியடித்துக் காலம் அறிவிக்கும் வழக்கம் ஊர்களில் பரவிய பின்னரே மக்கள் இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். புலவர் இடாத பெயராயினும் நிலத்தில் உழைப்பார் இட்ட இப்பெயரில், பறவையை அறியும் வழியே பொதிந்திருக்கிறது.

4. குரல்

இப்பறவையைக் காண்பார் சிலர்; கேட்பார் பலர். கூவல் இரண்டு சுரங்களாலானது. முதலாவது உயர்ந்து செல்லும். இரண்டாவது தாழ்ந்து முடியும். ‘வீட்-டியூ’ என்று எழுத்தில் ஒருவாறு காட்டலாம். மனிதர் வாய்குவித்து அடிக்கும் சீழ்க்கையைப் போன்றே தெளிவாக ஒலிக்கும். முதல்முறை கேட்டபோது நண்பர் ஒருவர் தம்மை யாரோ அழைப்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். கூவும்போது தலையைப் பின்னே சாய்த்து அலகை வானோக்கி உயர்த்தும். சிறிது இடைவிட்டு மீண்டும் கூவும். ஒன்று கூவ, தொலைவிலுள்ள மற்றொன்று விடை தருவதும் உண்டு. வானம் மூடிய நாட்களில் பகலிலும் கூவுதல் கேட்கலாம்.

விடியலில் கூவும் பிற பறவைகளோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு இனிது விளங்கும். குண்டுகரிச்சானின் பாட்டு நீண்டது. பலவாறு திரிந்து செல்வது. குயிலின் கூவல் மேன்மேல் ஏறி உச்சத்தில் நிற்கும். ஆறுமணிக்குருவியின் கூவலோ இரண்டு சுரங்களோடு அமைந்துவிடும். இதன் குரலுறுப்பு, பாட்டில் வல்ல பறவைகளின் உறுப்பைப்போலப் பலபட அமைந்ததன்று. அதனால் கூவல் எளியது. ஒருமுறை செவியில் பதிந்தால் மறவாதது.

5. காணும் முறை

இதனைக் காண விரும்பும் நண்பர்கட்கு யாம் கூறத்தக்கன சில. ஆறுமணிக்குக் கால்மணி முன்னதாகவே புதரோரம் சென்று, மரத்தில் முதுகு சாய்த்து அசையாது அமர்க. முதலில் கண்ணை மூடிச் செவியைத் திறந்து வைத்துக்கொள்க. கூவல் வந்த திசையைக் குறித்துக்கொண்டு, அங்கே சருகு புரளும் அரவத்தைத் தேடுக. அசைவு தோன்றின் வாலைப் பார்க்க. அது மெல்ல மேலும் கீழும் அசையும். அதன்பின் முகத்துக் கரும்பட்டையை நோக்குக. பறந்தால் சிறகின் வெண்திட்டைக் காண்க. நாள், மணி, இடம், வானிலை, கேட்ட கூவல் ஆகியவற்றை அன்றன்றே ஏட்டில் எழுதுக.

கைபேசியில் பதிந்த கூவலை ஒலிக்கச்செய்து பறவையை வெளியே இழுப்பது இக்காலத்தில் சிலர் செய்யும் செயல். அது வேண்டா. மற்றொரு பறவை தன் இடத்துக்குள் புகுந்ததாக எண்ணி அவ்வுயிர் இரைதேடுதலை விட்டு அலையும். நெடுந்தொலைவு வந்து களைத்த விருந்தினரைப் பொய்க்குரலால் ஏய்ப்பது முறையாகாது.

6. எம் பிழை

இனி, எழுதுதற்கு மனம் கூசும் செய்தி ஒன்று உளது. கிணற்றடியை அடுத்த நிலத்தில் இறகுப்பந்தாட்டக் களம் ஒன்று வேண்டும் என்று சென்ற ஆண்டின் தொடக்கத்தில் விடுதி மாணவர் விண்ணப்பம் எழுதினர். அவ்விண்ணப்பத்தில் எம் கையெழுத்தும் உண்டு. டிசம்பர் விடுமுறைக்கு முன் நிலம் துப்புரவாக்கப்பட்டது. புதரை வெட்டினர், சருகைக் கூட்டிக் குவித்து எரித்தனர். யாவரும் மகிழ்ந்தோம். களம் கண்ணாடிபோல் விளங்கியது.

விடுமுறை கழிந்து திரும்பிய முதல் மாலையில் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கமான மரத்தடியில் அமர்ந்தோம். மணி ஆறடித்தது. காக்கைகள் கரைந்தன, குண்டுகரிச்சான் பாடியது. அச்சீழ்க்கை மட்டும் எழவில்லை. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அவ்வாறே. எவரும் அப்பறவைமேல் கல்லெறிந்திலர், வலை விரித்திலர். அது உண்ணும் தட்டை மட்டும் குப்பையென்று எடுத்து எரித்துவிட்டோம். புதர் அழிந்ததற்கு வருந்திய ஒருவர் அப்பெரியவரே. “நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம்” என்றார். அச்சொல்லில் கடுமை இல்லை. ஆயினும் எமக்குச் சுட்டது.

பின்னர் எம்மிற் சிலர் கூடி, ஆலயத்தின் பின்புறச் சுவருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் இடைப்பட்ட நிலத்தை ஐப்பசி முதல் சித்திரைவரை பெருக்காமலும் எரிக்காமலும் விடவேண்டும் என்று விடுதிக் காப்பாளர் ஐயா அவர்களிடம் வேண்டிக்கொண்டோம். பாம்பு சேருமே என்று அவர் முதலில் தயங்கினார். நடைபாதையை மட்டும் துப்புரவாக வைத்துக்கொள்ளும் பொறுப்பை மாணவர் ஏற்பதாகக் கூறியபின் இசைந்தார். சருகு மீண்டும் சேர்ந்து வருகிறது. மாசி மாதத்து மாலையொன்றில் அப்பக்கத்திலிருந்து ஒரே ஒருமுறை அக்கூவல் கேட்டது. ஏட்டில் அந்நாளை அடிக்கோடிட்டு வைத்துள்ளோம்.

வானத்துப் பறவைகள் தத்தம் வருகைக் காலத்தை அறிந்து தவறாது வருகின்றன என்பதைக் காட்டி, எரேமியா தீர்க்கதரிசி தம் மக்களை இடித்துரைத்தார் என்பதை வேதாகம வகுப்பில் கற்றிருக்கிறோம். பறவை தன் காலத்தை அறியும். அது வரும் காலத்தில் அதற்குரிய இடத்தை நாம் வைத்திருக்கிறோமா என்பதே வினா. தொல்காப்பியனாரும் இதற்கொரு விதி வகுத்திருக்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ தனக்குரிய நிலமும் பொழுதும் கடந்து வேறோரிடத்தில் தோன்றினால், தோன்றிய அந்நிலத்தின் கருப்பொருளாகவே அதனைக் கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. செய்யுளுக்கு வகுத்த அவ்விதி எம் கிணற்றடிக்கும் பொருந்தும். இமயத்தின் அடிவாரத்தில் பிறந்த பறவையாயினும், ஐப்பசியில் நம் வேலிக்குள் வந்து இறங்கினால் அது நம்முடையது.

வருகின்ற ஐப்பசியில் எம்மிற் பலர் இக்கல்லூரியை விட்டு நீங்கியிருப்போம். புதிதாக வரும் தம்பியரும் தங்கையரும் ஆறுமணிக்கு அச்சுவரோரம் சிறிது நேரம் நின்று கேட்பாராக. கேட்டதை ஏட்டில் எழுதுவாராக. எரிப்பதற்காகச் சருகைக் குவிப்பாரைக் கண்டால், அருகிற்சென்று பணிவோடு அந்தக் கூவலைப்பற்றிச் சொல்வாராக.